எங்கே வலிக்கிறது?

திருப்பூர் ராயபுரத்தின் சந்துகளில், பவர் டேபிள் ஓசை ஓயாத வீடுகளுள் சிலவற்றின் உள்ளறையில், கோவைக்குச் சென்று கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவர் படுத்திருப்பார். நலம் விசாரிக்கச் செல்லும் நாம் ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலருகே வைக்கிறோம், எல்லாம் சரியாகிவிடும் என்கிறோம், எழுந்து வந்துவிடுகிறோம். அவருக்கு என்ன தேவை என்று கேட்பதில்லை. நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமே அக்கேள்வியை மிகத் தாமதமாகத்தான் கேட்கத் தொடங்கியது.

நம் மாநிலத்தில் முதலில் எழுந்த கேள்வி வேறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்நோயைக் குணப்படுத்த இயலாதா என்று கேட்டார். அதன் விடையாக 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மறு ஆண்டு அங்கே பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை அளித்தார். புற்றுநோய் என்றாலே மரணம் என்றிருந்த நாளில் அப்படிக் கேட்பதற்கே பெருந்துணிவு வேண்டியிருந்தது.

குணமாகாதவர்களின் கதி என்ன? இலண்டன் ஹாக்னியில், அயர்லாந்து அருட்சகோதரிகள் 1905 முதல் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் இறுதி நாள்களைக் கழிக்கும் ஏழைகள் பராமரிக்கப்பட்டனர். 1958இல் அங்கு வந்தார் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகவும், பின்னர் நோயாளிகளின் குடும்பநலன் பார்க்கும் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் பயின்றவர் அவர். வலி வந்தபின் மருந்து கொடுப்பதை விடுத்து, வலி தலைதூக்குமுன் நேரம் தவறாது மார்பின் கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். அதனினும் பெரிது, அவர் நோயாளிகளின் அருகமர்ந்து அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டதுதான். வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு பெண்மணியிடம் கேட்டார். முதுகில் தொடங்கிய வலி இப்போது உடலெங்கும் என்ற அப்பெண்மணியின் பேச்சு மெல்ல வீட்டுக்குத் திரும்பியது. கணவரும் மகனும் அன்பானவர்கள். ஆனால் தம்மைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருந்தால் கூலி போய்விடுமே! உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்து நோவதை ‘முழுமையான வலி’ என்று சாண்டர்ஸ் அழைத்தது இத்தகைய விடைகளைக் கேட்டபின்னரே. 1967இல் அவர் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார்.

அந்தக் கூலிக் கவலை ஹாக்னிக்கு மட்டும் உரியதா? பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், நோயாளியுடன் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்று மீளும் நாளில், ஒரு காசும் ஈட்டுவதில்லை. காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவைத் தாங்கலாம். இழந்த ஷிப்டை அது தருவதில்லை.

நமக்கு அண்மையில் உள்ள முன்மாதிரி கோழிக்கோடு. 1993இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் அங்கே வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் வீடுகளுக்குச் சென்றனர். மருந்தோடு, தேவைப்பட்ட வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும் சென்றன. 1985இன் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் அரிதாகிவிட்டிருந்த காலம் அது. 2014இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் வலி தணிப்புப் பராமரிப்பு இடம்பெற்றுள்ளது.

அண்மையில் ஒரு லைன் வீட்டில் நாமும் கேட்டுப் பார்த்தோம். அந்த அம்மா வலியைப் பற்றிப் பேசவேயில்லை. மகள் செக்கிங் வேலைக்குப் போய் எட்டு நாளாயிற்று என்றார். இரவில் வெளியே உள்ள பொதுக் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்ல அவள் ஒருத்திதான் என்றார். இப்போது பகலில் அண்டை வீட்டார் இருவர் மாறி மாறி உடனிருக்கின்றனர். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இரவுக்குத்தான் இன்னும் ஆள் அமையவில்லை.