அரை வெள்ளியில் பிறந்த சட்டம்

மஸ்ஜித் தானாவில் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறவருக்கும், சுங்கை பாரு பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் இன்று சட்டம் ஒரே கணக்கைத்தான் சொல்கிறது: மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அடிப்படைச் சம்பளம் இதற்குக் குறைந்தால், குறைந்த ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளி 10,000 வெள்ளி வரை அபராதம் கட்ட நேரிடும்.

இந்தத் தொகை உயரும்போதெல்லாம் ஒரு சர்ச்சையும் கூடவே எழும். சம்பளம் முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிக்கிற விஷயம், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பார்கள். நகரத்துக் கம்பெனிக்கு இந்த வாதம் பொருந்துமோ என்னவோ, தோட்டத்துக்குப் பொருந்தாது. தோட்டக் கூலியில் அரசாங்கம் நூறு ஆண்டுக்கு முன்பே கை வைத்துவிட்டது. அந்தக் கை யார் பக்கம் இருந்தது என்பதுதான் கதை.

கதை தொடங்குவது மலாக்கா மண்ணில். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுவே முதல் முறை. பத்தே ஆண்டில் ரப்பர் நாடெங்கும் பரவியது. மரம் வெட்ட ஆள் வேண்டும். ஆள் குறைந்தால் கூலி ஏறும். தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஆள் இழுக்கத் தொடங்கினால் எல்லாத் துரைமார்களுக்கும் நட்டம்.

அங்கேதான் அரசாங்கம் உள்ளே வந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழர்களை வேலைக்கு வைத்த எல்லாத் தோட்டங்களும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலியாட்கள் இலவசமாகக் கப்பல் ஏறினார்கள். கங்காணி ஊருக்குப் போய் உறவையும் அண்டை அயலையும் திரட்டி வருவார், கப்பல் செலவை நிதி ஏற்றுக்கொள்ளும். ஆள் தட்டும்போது அதிகமாக வரவழைப்பது, ஆள் மிஞ்சும்போது நிறுத்திவைப்பது என்று ஆள் வரத்து மடை அதிகாரிகளின் கையில் இருந்தது. கூலி எவ்வளவு என்று அரசாங்கம் அப்போது எழுதி வைக்கவில்லை. கூலி ஏறாமல் பார்த்துக்கொண்டது.

தொகையை எழுத வைத்தது கடலுக்கு அந்தப் பக்கம். இந்தியா 1922இல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. போகிற ஆளுக்கு என்ன கூலி என்று தெரியாமல் இனி அனுப்ப முடியாது என்ற நெருக்கடி மலாயாவுக்கு வந்தது. 1923இன் தொழிலாளர் சட்டம், இந்தியர் குடியேற்றக் குழுவுக்கு நிலையான கூலி நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தந்தது. அரிசி, உப்பு, மிளகாய், துணி என்று ஒரு கூலிக்குடும்பத்தின் மாதச் செலவைக் கணக்குப் போட்டார்கள். 1920களின் கடைசியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முடிவானது. போக்குவரத்துக் கடினமான பகாங் போன்ற இடங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சில முக்கிய மாவட்டங்களுக்கு என்று வகுத்தாலும், மற்ற இடங்களும் அதையே அளவாக வைத்துக்கொண்டன.

மலாயாவில் அரசாங்கம் எழுதிய குறைந்தபட்சக் கூலி அந்த அரை வெள்ளிதான். அதைப் பெற்றவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். ஆனால் அதை நிர்ணயித்த குழுவில் இருந்தவர்கள் அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும். மரம் வெட்டுகிறவர் யாரும் அங்கே உட்காரவில்லை. அதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. அரை வெள்ளிக்குக் கீழே போகக் கூடாது என்றது சட்டம். அதற்கு மேலே போகத் தேவையில்லை என்று படித்துக்கொண்டது தோட்டம்.

உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அரை வெள்ளியும் நிற்கவில்லை. ரப்பர் விலை சரிந்தது. 1930இல் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்று அதே குழு குறைத்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. வேலையில்லாதவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரி, பழைய 50 காசு, 40 காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். 1938இல் ரப்பர் விலை தளர்ந்ததும் மறுபடி வெட்டினார்கள். இந்தியா அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், நிதிச் செலவில் ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். பதில் துப்பாக்கிச் சூடாக வந்தது.

போருக்குப் பின் 1947இல் சம்பள மன்றச் சட்டம் பிறந்தது. கடைச் சிப்பந்திகள், சினிமாக் கொட்டகை ஊழியர்கள், ஹோட்டல் பணியாளர்கள், பினாங்குத் துறைமுகச் சுமை தூக்குவோர் ஆகியோருக்கு அது பாதுகாப்பாக அமைந்தது. தோட்டம் அதில் சேரவில்லை. தோட்டக் கூலி, தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. 1954இல் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் வளர்ந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், முதலாளிகள் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. தொழிலாளிக்கு முதன்முறையாக மேசையில் ஓர் இருக்கை கிடைத்தது. ஆனால் ஒப்பந்தக் கூலி ரப்பர் விலையோடும் நாள் கணக்கோடும் கட்டப்பட்டிருந்தது. விடியலில் பெரட்டுக்குப் பேர் கொடுத்தாலும், மழை கொட்டினால் பால் கிடையாது. இலையுதிர் காலத்தில் மங்கில் பால் சுருங்கும். நாள் கூலி ஏறினாலும் மாதக் கடைசியில் கையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தோட்டங்களில் பல ஆண்டுகளாக ஒலித்த கோரிக்கை மாதச் சம்பளம்.

அதற்குச் சட்டத்தின் பதில் வந்தது 2011இல். தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 1947இன் சட்டத்தை ரத்து செய்தது. புதிய மன்றத்தில் அரசு அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் சமமாகத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தொகையை மறு ஆய்வு செய்தாக வேண்டும். மலேசிய முதலாளிகள் சம்மேளனம் எதிர்த்தது. ஆனாலும் 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி நடப்புக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. கிலோவுக்கும் குலைக்கும் கூலி வாங்குகிறவருக்கும் மாதத் தொகை இதற்குக் குறையக் கூடாது என்று ஆணை தனியாகச் சொன்னது. தோட்டத் தொழிலாளர்கள் காத்திருந்த வாசகம் அது.

அது வந்தபோது லயங்களில் தமிழர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நிறைந்துவிட்டார்கள். சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அமலான அதே மாதத்தில், வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவி வரியை அவர்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள முதலாளிகளை அரசாங்கம் அனுமதித்தது. அந்தச் சுமையை முதலாளியே ஏற்க வேண்டும் என்றானது 2018இல். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் வழக்கம் 1907இன் நிதியோடு ஒழிந்துவிடவில்லை.

இருந்தும் ஒரு வேறுபாடு உறுதியானது. 2011இல் உச்சத்தில் இருந்த ரப்பர் விலை 2016 தொடக்கத்தில் பாதாளத்துக்குப் போயிருந்தது. 1930இன் குழுவாக இருந்தால் கூலியை வெட்டியிருக்கும். 2016 ஜூலையில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளியாக ஏறியது. 2022இல் 1,500 ஆனது, 2025இல் 1,700. அரசாங்கம் சம்பளம் நிர்ணயிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மலாயாத் தோட்டத்தின் பதில் இதுதான்: நிர்ணயிக்கலாம், ஆனால் சந்தை விலையோடு கட்டாமல், வேலை செய்கிறவரையும் மேசையில் உட்கார வைத்து.

மேசைக்கு இன்னும் வராதவர்கள் வீட்டுப் பணியாளர்கள். 1947இல் தோட்டத்தை விட்டுவிட்டதுபோல, இன்றைய ஆணை அவர்களை விட்டுவிட்டது. அடுத்த மறு ஆய்வில் தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த விலக்கை நீக்கச் சொல்ல வேண்டும்.