தண்ணீர் போன வழியே ஒரு பயணம்

'வரலாறா? அது ஆர்ட்ஸ்காரர்கள் சமாசாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிற இன்ஜினியர்களையும் நிறுத்திக் கணக்குப் போட வைக்கும் இடிபாடு ஒன்று தெற்கு பிரான்ஸில் இருக்கிறது. உஸெஸ் என்ற ஊரின் ஊற்றுநீரை நீம் நகருக்குக் கொண்டுபோக, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வாய்க்கால்.

நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். குறுக்கே குன்றுகள் இருப்பதால் வாய்க்கால் வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் போகிறது. மொத்தச் சரிவு எவ்வளவு தெரியுமா? சுமார் 12.6 மீட்டர்! அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர். பம்பு கிடையாது, தியோடலைட் கிடையாது.

சென்ற கோடையில் குடும்பத்தோடு கேம்பர் வேனில் இந்த வழியே போனோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ராத்திரி நிறுத்தும்போது டயருக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்க்கணும்; இல்லாவிட்டால் சிங்க்கில் தண்ணீர் வடியாது. ஒரு வேனுக்கே இந்தப் பாடு என்றால், 50 கிலோமீட்டருக்கு மட்டம் பிடித்தவர்களை என்னவென்று சொல்வது!

வழியில் கார்தோன் ஆற்றைக் கடக்க அவர்கள் எழுப்பியதுதான் 'பான் டு கார்' பாலம். மூன்றடுக்கு வளைவுகள், சுமார் 49 மீட்டர் உயரம். உச்சியில் வாய்க்கால். கீழிரண்டு அடுக்குகளில் சாந்து இல்லை. 6 டன் வரையுள்ள கற்கள் தம் எடையாலேயே நிற்கின்றன. 2002 செப்டம்பர் பெருவெள்ளத்துக்கும் அது அசையவில்லை.

அப்படியிருக்க, தண்ணீர் ஏன் நின்றுபோனது? காரணம் சுண்ணாம்பு. நம்ம ஊர் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். சுரண்டி எடுக்க ஆள் இருந்தவரை தண்ணீர் ஓடியது. ரோமப் பேரரசு தளர்ந்து பராமரிப்பு நின்றதும் படிவு தடித்தது, மரவேர்கள் புகுந்தன, வாய்க்கால் தூர்ந்தது. ஆங்காங்கே கற்களையும் வீடு கட்டப் பெயர்த்துப் போனார்கள்.

பாலம் மட்டும் பிழைத்தது, ஆற்றைக் கடக்க உதவியதால். வண்டி போவதற்காக நடு அடுக்குத் தூண்களையே செதுக்கிக் குறைத்தார்கள்! பிறகு அவற்றைச் செப்பனிட்டு, 1743–47இல் பக்கத்திலேயே ஒரு சாலைப் பாலம் கட்டினார்கள். கட்டியவர் ஹென்றி பிட்டோ. ஆமாம், லேபில் நாம் ரீடிங் எடுத்தோமே, அந்தப் பிட்டோ ட்யூப்காரரேதான்! இன்று அதில் நடந்துதான் போகலாம்.

தம்பி தங்கைகளே, டிசைன் வேலை என்றால் துள்ளுகிறோம், மெயின்டனன்ஸ் என்றால் முகம் சுளிக்கிறோம். ரோமானியர் வாய்க்காலைக் கட்டி முடித்தது சில ஆண்டுகளில். அதைப் பல நூறு ஆண்டுகள் ஓட வைத்தது, இருட்டில் குனிந்து சுண்ணாம்பு சுரண்டிய கைகள். அந்த வேலை உங்களுக்கு வாய்த்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊர் தண்ணீர் குடிப்பது அதனால்தான்.