போட்டியும் உற்பத்தியும்: கல்முனைக் கரையோரத்தில் மாணவர் தொழினுட்பப் போட்டிகளின் வரலாற்றுப் பின்னணி

தொழினுட்பம், பொறியியல், வடிவமைப்பு ஆகிய துறைகளில் மாணவர்க்கெனப் போட்டிகள் நடத்துவது இன்று இலங்கைக் கல்வியமைப்பில் வழமையாகிவிட்டது. இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவின் 'சஹசக் நிமவும்' போட்டியும், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் ரோபோப் போட்டியும் நாடளாவிய நிலையில் அறியப்பட்டவை. இவை மாணவரின் ஆக்கத்திறனை வளர்ப்பன என்பது பொதுவாகக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் பொய்யன்று, ஆயின் போதியதன்று. ஒரு சமூகம் தன் இளைஞரின் ஆக்கத்திறனைப் பாடத்திட்டத்தின் வழியாக வளர்க்க முற்படுகிறதா, பரிசிலின் வழியாகத் தேட முற்படுகிறதா என்பது வெறும் கல்விமுறைப் பிரச்சினையன்று. அச்சமூகத்தின் உற்பத்தி உறவுகளோடு தொடர்புடைய பிரச்சினை அது. இதனை மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கல்முனைக் கரையோரத்தை மையமாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லுக்கு உரிய பரிசும் கைக்கு உரிய மௌனமும்

தமிழ் மரபில் போட்டி என்பது பெரும்பாலும் சொல்லின் போட்டியாகவும் கலையின் போட்டியாகவுமே பதிவாகியுள்ளது. வாதம் புரிய விழைந்த அறிஞர் கொடி உயர்த்திய செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது; மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இவ்விடத்துச் சிறப்பாக நோக்கத்தக்கது. மாதவி ஆடிய அரங்கின் அமைப்பை இளங்கோ நுணுக்கமாக விவரிக்கிறார். இருபத்து நான்கு விரல் அளவு கொண்ட கோலால் அளந்து, எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்படுகிறது. தூண்களின் நிழல் அவையில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்படுகின்றன. இது செம்மையான ஒரு வடிவமைப்புச் சிந்தனையின் விளைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் தலைக்கோலும் மாதவிக்கு உரியனவாயின; அரங்கைச் செய்த தச்சனின் பெயர் காப்பியத்தில் இல்லை. ஆடல் ஆசானுக்கும் இசையாசிரியனுக்கும் புலவனுக்கும் இலக்கணம் வகுத்த காதை, உளிபிடித்த கையைப் பற்றி மௌனம் சாதிக்கிறது.

இம்மௌனம் புலவரின் தனிப்பட்ட குறைபாடன்று. மூளை உழைப்பும் உடலுழைப்பும் வேறாகிவிட்ட சமுதாயத்தில், கைவினை பிறப்பின் கடமையாகவும் கலை பேறாகவும் கொள்ளப்பட்டதன் விளைவு அது. கல்முனைப் பாடசாலைகள் தமிழ்த்தினப் போட்டிகளை நன்கு அறிந்தவை. பேச்சு, கவிதை, நாடகம் ஆகியவற்றிற்கு வலயம், மாகாணம், தேசியம் எனப் படிகள் உண்டு. வென்ற மாணவனை ஊர் கொண்டாடும். அதே ஊரில் தறியின் அமைப்பில் சிறு திருத்தம் செய்து நாளொன்றுக்கு ஒரு முழம் கூடுதலாக நெய்பவனை எந்த மேடையும் அழைத்ததில்லை.

இப்பிரிவினையைக் கடந்த ஓர் எடுத்துக்காட்டு இக்கரையோரத்திலேயே உண்டு. கல்முனைக்குத் தெற்கே, முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்த காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவர். அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளைப் பௌதிகமும் கணிதமும் கொண்டு ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழின் உருவத்தை மீட்க முனைந்தார். 1947 இல் அரங்கேறிய யாழ்நூல் அம்முயற்சியின் பெறுபேறு. அந்நூலை இலக்கிய ஆராய்ச்சியாக மட்டும் வாசிப்பது நமது வழக்கம். ஓர் இசைக்கருவியின் அளவுகளை நிறுவும் வடிவமைப்பு ஆய்வாகவும் அதனை வாசித்தல் வேண்டும்.

2. பரிசிலின் அரசியற் பொருளாதாரம்

நவீன தொழினுட்பப் போட்டியின் வேர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்ளன. 1754 இல் இலண்டனில் நிறுவப்பட்ட கலைகள் சங்கம் பயனுள்ள கண்டுபிடிப்புகளுக்குப் பரிசில் அறிவித்தது. ஒரே வேளையில் ஆறு இழைகளை நூற்கவல்ல பொறிக்கு 1761 இல் அச்சங்கம் பரிசு அறிவித்தமை நமது கவனத்திற்குரியது. 1733 இல் ஜோன் கேயின் பறக்கும் நாடா வந்தபின் நெசவு விரைவடைந்தது; நூல் போதாதாயிற்று. அத்தட்டுப்பாடே பரிசிலை அறிவித்தது. அதாவது, உற்பத்தியில் தோன்றிய முட்டுப்பாடு போட்டிக்கு வினாவைத் தந்தது. 1764 அளவில் ஹார்கிரீவ்ஸின் நூற்புப் பொறி தோன்றியது. பின்னர் அத்தகைய பொறிகளின் மலிவான நூலும் துணியும் இந்தியக் கைந்நூற்பையும் நெசவையும் நலிவித்த வரலாறு நாமறிந்ததே.

பதினெட்டாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள் எத்துணைச் சிறிய அளவிலேயே தனியொருவரின் ஆக்கங்கள் என்பதைத் தொழினுட்பத்தின் விமர்சன வரலாறு ஒன்று எடுத்துக்காட்டும் என மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தின் ஓர் அடிக்குறிப்பிற் கூறுவார். பரிசிலோ தனியொருவனையே வேண்டி நிற்பது. பலரின் கைகள் பல்லாண்டு திரட்டிய அனுபவத்தை ஒரு பெயரின்கீழ் ஒடுக்குவது அதன் இயல்பு.

மாணவர் போட்டி இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வடிவம். 1970களில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் வூடி பிளவர்ஸ் தம் மாணவர் அனைவருக்கும் ஒரேவகைப் பொருட்கள் அடங்கிய பையைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு பொறி அமைத்துப் போட்டியிடச் செய்தார். அவரும் டீன் கேமனும் முன்னெடுத்த பாடசாலை ரோபோப் போட்டி 1992 இல் ஆரம்பித்து உலகெங்கும் பரவிற்று. எல்லோருக்கும் ஒரே பை என்பது சமத்துவத்தின் கவர்ச்சிகரமான உருவம். ஆயின் பை ஒன்றாயினும் அதனைத் திறக்கும் கைகள் ஒன்றல்ல. பட்டறையும் ஆய்கூடமும் உள்ள பாடசாலையின் மாணவனும், கடைசல் இயந்திரத்தைப் படத்தில் மட்டும் கண்ட மாணவனும் ஒரே விதியின்கீழ் நிற்கும்போது, விதியின் சமத்துவம் வாழ்வின் அசமத்துவத்தை மறைத்துவிடுகிறது.

3. கரையோரத்தின் உற்பத்தியும் கல்வியும்

கல்முனைக் கரையோரத்தின் வாழ்வு வயல், கடல், தறி என்ற மூன்றின்மீது எழுந்தது. போடியாரின் காணியும் அவரது வயலில் உழைத்த முல்லைக்காரரின் உழைப்பும் நெல்லை விளைவித்தன. களவெட்டியில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்துப் பொலிப்பாடல்கள் அவ்வுழைப்பின் கூட்டுத் தன்மைக்குச் சான்றுகள். கரைவலை இழுப்பதும் கூட்டுழைப்பே. மருதமுனையின் கைத்தறியிலும், பாவு ஓட்டுபவர், நூல் சுற்றும் பெண்கள், நாடா எறிபவர் எனப் பலர் கைபட்டே ஒரு சாரம் உருவாகிறது. நிறமும் கரையும் கட்டமும் தலைமுறைகளின் தேர்வு. அவற்றின் வடிவமைப்பாளர் யார் எனக் கேட்டால் ஓர் ஊரையே காட்டவேண்டும்.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பெரும்பொறியியல் இப்பிரதேசத்திற்கு வந்தது அவ்வாறே. அணையைக் கட்டியது அமெரிக்கக் கம்பனி. திட்டத்திற்கு வேண்டிய கைகளைப் பயிற்றுவிக்க 1950களின் நடுப்பகுதியில் அம்பாறையில் ஹார்டி தொழினுட்ப நிறுவனம் எழுந்தது. அணை நீரைத் தந்தது. அதே வேளை, குடியேற்றத்தின் வாயிலாகப் பிரதேசத்தின் இன விகிதத்தையும் அது மாற்றிற்று. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகியது. ஆகவே இக்கரையோர மக்களுக்குப் பொறியியல் என்பது தொடக்கத்திலேயே நன்மையும் அச்சமும் கலந்ததோர் அனுபவமாயிற்று.

4. 1972 உம் 1979 உம்

நமது பொருளின் திருப்புமுனை இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில் உள்ளது. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைக் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் புகுத்தியது. பிரதேசத்தின் தொழில்களையே பாடமாக்குதல் அதன் கருத்து. மீன்பிடி, நெசவு, வேளாண்மை ஆகியன பாடசாலையின் வாயிலுக்குள் வரத்தக்க அறிவுகள் என அரசு ஏற்றுக்கொண்டது. மருதமுனை போன்ற ஊருக்கு இதன் உட்கிடை பெரியது. தறியை அறிந்த தந்தை, கொள்கையளவிலேனும், மகனின் பாடசாலைக்கு அறிவு வழங்கக்கூடியவரானார்.

அத்திட்டத்தின் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. கருவிகளும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் போதியளவு இருக்கவில்லை. கல்வியை உத்தியோகத்திற்கான ஏணியாகக் கண்ட பெற்றோர் அதனை இரண்டாந்தரக் கல்வியெனச் சந்தேகித்தனர். மேலும், அதே ஆட்சிக்காலத்திலேயே பல்கலைக்கழக அனுமதியில் மொழிவழித் தரப்படுத்தல் புகுந்தது. 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் நுழையத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. ஒரு கையால் தறியைப் பாடசாலைக்குள் அழைத்த அரசு, மறுகையால் தமிழ்மொழி மூல மாணவனுக்குப் பொறியியலின் வாயிலைக் குறுக்கியது. முற்போக்குச் சக்திகள் இம்முரண்பாட்டை உரியவாறு எதிர்கொள்ளத் தவறியமை நமது வரலாற்றின் கசப்பான ஓர் அத்தியாயம்.

1977 இல் ஆட்சி மாறியது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் வாழ்ந்த கைத்தறி, வெளிநாட்டு இயந்திரத் துணியை நேர்நின்று எதிர்கொள்ள நேர்ந்தது. தொழின்முன்னிலைப் பாடங்களும் கைவிடப்பட்டன. இரண்டாண்டுகள் கழித்து, 1979 இன் 53 ஆம் இலக்கப் புத்தாக்குநர் ஊக்குவிப்புச் சட்டம் நிறைவேறியது. புத்தாக்குநர் ஆணைக்குழு அதன்வழி அமைந்தது. அதே ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் புலமைச்சொத்துக் கோவையை நிறுவியது. அடுத்தடுத்த இலக்கங்கள் தற்செயலாயினும் பொருளற்றவையல்ல. பலரின் திறனை வளர்க்கும் பாடம் போய்ச் சிலரின் திறனைத் தெரிந்தெடுக்கும் பரிசில் வந்தது. நெசவாளனின் சந்தையைப் பறித்த அதே கொள்கை, புத்தாக்குநனின் கழுத்தில் பதக்கம் அணிவித்தது.

5. ஒலுவிலும் அதன்பின்னும்

பின்வந்த ஆண்டுகள் கொடியவை. யுத்தமும் 1990 இன் வன்செயல்களும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிளந்தன. வட கிழக்கின் பல்கலைக்கழகங்களில் கற்க இயலாதுபோன முஸ்லிம் மாணவரின் நெருக்கடியின் பின்னணியில், எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறு ஆண்டில் பல்கலைக்கழகமாகியது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் அம்பாறை மாவட்டத்திலேயே நாட்டின் மிகக் கூடிய உயிரிழப்பை விளைவித்தது. மருதமுனையின் கரையோரத்தில் வீடுகளோடு தறிகளும் சிதைந்தன.

2010களின் முற்பகுதியில் ஒலுவிலில் பொறியியல் பீடம் அமைந்தது. 2013 இல் உயர்தரத்திற் தொழினுட்பத் துறை அறிமுகமாகி, 2015 இல் அதன் முதலாவது பரீட்சை நடைபெற்றது. இக்கரையோரத்து மாணவன் போட்டிகளுக்குள் முழுமையாகக் காலடி வைத்தது இச்சூழ்நிலையிலேயே. தமிழ்மொழி மூலம் கற்று, ஊரிலிருந்தே பொறியியலாளராகும் வாய்ப்பு உருவானமை சாதாரண வெற்றியன்று. போட்டி அவனுக்குக் கொழும்பின் மேடையைத் தருகிறது. பின்தங்கிய மாவட்டத்தான் என்ற தாழ்வுணர்ச்சியைக் களைகிறது. குழுவாக உழைக்கப் பழக்குகிறது. இவற்றை மறுப்போர் கிராமத்து மாணவனின் மனத்தை அறியாதவர்.

ஆனால் பரிசளிப்பின் பின் நிகழ்வது என்ன? மாதிரியுரு பாடசாலையின் கண்ணாடி அலுமாரிக்குள் செல்கிறது, சான்றிதழ் சுவரேறுகிறது. அதனை உற்பத்திக்குக் கொண்டு செல்லப் பட்டறையும் முதலும் சந்தையும் வேண்டும். அவை அவனிடம் இல்லை. நெசவாளியின் மகன் வளைகுடா நாடொன்றில் பிறர் வடிவமைத்த பொறியை இயக்கும் கூலியாளாவது இக்கரையோரத்தில் அரிய நிகழ்ச்சியன்று. அவன் ஒருகாலத்திற் பரிசு பெற்றவனா என்று அங்கு எவரும் வினவுவதில்லை.

6. முடிவாக

போட்டிகளை ஒழிக்கவேண்டும் என்பது நமது வாதமன்று. 1761 இன் பரிசில் உற்பத்தியின் உண்மையான தேவையிலிருந்து பிறந்தது. இதனாலேயே அது வரலாற்றை அசைத்தது. நமது போட்டிகளின் வினாக்கள் பெரும்பாலும் வேற்றிடத்துப் பிறந்தவை. கோட்டைப் பின்தொடரும் ரோபோ பயிற்சிக்கு நல்லது. எனினும், பாவு ஓட்டும் பெண்ணின் முதுகுவலியைக் குறைக்கும் சட்டகம், சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் எளிய முறை, கடலரிப்புக்கு உள்ளாகும் ஒலுவில் கரையைக் காக்கும் வடிவமைப்பு ஆகியனவும் போட்டிக்குரிய வினாக்களே. அவற்றிற்கு நெசவாளரும் மீனவரும் நடுவராக அமர்தல் வேண்டும். அவர்களின் பெயரும் ஆக்கத்தோடு பொறிக்கப்படுதல் வேண்டும். 1972 இன் பாடத்திட்டம் தொடங்கி முடிக்காத பணியை 2013 இன் தொழினுட்பத் துறை மேற்கொள்ளுமாயின், போட்டி தெரிவுக்கான சல்லடையாக இராது, கூட்டு அறிவின் களமாக மாறக்கூடும்.

மாதவியின் அரங்கைச் செய்த தச்சனின் பெயரை நாம் இனி அறிய இயலாது. ஆனால் மருதமுனைத் தறியைத் திருத்துபவனின் பெயரை அறியாதிருப்பது காலத்தின் குற்றமன்று. அது நமது குற்றமாகும்.