என்செலடஸ் கடலிலிருந்து ஓர் உப்புத் துகள்

மனிதர் வேற்றுலகக் கடல் ஒன்றில் பாஸ்பேட்டைக் கண்டது ஒன்பதே ஒன்பது பனித்துகள்களில். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய அந்தத் துகள்களுள் ஒன்று வந்த வழி இது.

பிறந்த இடம் என்செலடஸ். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட, சுமார் 500 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள சனியின் நிலவு. மேலே பனி ஓடு, கீழே சூரிய ஒளி எட்டாத கடல், அதன் அடியில் பாறை. சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் ஒரு கடல் உறையாமல் இருப்பதற்குக் காரணம் சனியின் ஈர்ப்புதான். என்செலடஸ் 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது. அந்தப் பாதை முழு வட்டமாகிவிடாதபடி டயோன் என்ற இன்னொரு நிலவு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் சனியை நெருங்கும்போதும் விலகும்போதும் நிலவின் உடல் பிசையப்பட்டுச் சூடாகிறது. கடலடியில் சில இடங்களில் நீர் 90 டிகிரிக்கு மேல் கொதிப்பேறிப் பாறையின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு எழுகிறது.

தென்துருவத்தில் பனி ஓடு மெல்லியது. அங்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளத்தில் நான்கு பிளவுகள். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் வரும் பாக்தாத், கெய்ரோ, டமாஸ்கஸ், அலெக்சாண்டிரியா ஆகிய ஊர்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பிளவுக்குள் ஏறிய நீரில் கரைந்திருந்த வாயு, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோலக் குமிழ்களாக வெளியேறுகிறது. குமிழ் வெடிக்கும்போது தெறிக்கும் துளி, கடலின் உப்போடு அப்படியே உறைகிறது. நீராவி அதை அள்ளிக்கொண்டு விண்வெளிக்குப் பாய்கிறது. இப்படிக் கிளம்பும் துகள்களில் பெரும்பாலானவை வெண்பனியாக நிலவின்மேலேயே விழுந்துவிடும். நம் துகள் தப்பியது. சனியைச் சுற்றும் ‘ஈ’ (E) வளையத்தில் சேர்ந்தது.

அந்த வளையத்தின் ஊடே காசினி விண்கலம் வந்தது. 1997இல் கிளம்பி 2004இல் சனியை அடைந்த அந்தக் கலம் இந்தக் கடலைத் தேடிப் போனதல்ல. 2005இன் தொடக்கத்தில் என்செலடசைக் கடந்தபோது, சனியின் காந்தப்புலம் அங்கே வளைந்திருப்பதை அதன் காந்தமானி காட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷேல் டோஹெர்ட்டி, அடுத்த முறை இன்னும் நெருங்கிப் போகும்படி திட்டக் குழுவைக் கேட்டார். ஜூலையில் காசினி 173 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. தென்துருவத்திலிருந்து நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கோணல் அளவீட்டைப் பிழையென்று ஒதுக்காமல் இருந்ததற்கு இதைவிடப் பெரிய பலன் விண்வெளி ஆய்வில் அரிது என்றே சொல்வேன்.

நம் துகளின் முடிவு, ஜெர்மானியர் தலைமையில் உருவான, காசினியின் விண்துகள் ஆய்வுக் கருவியில். ரோடியம் தகட்டில் அதிவேகமாக மோதி நொறுங்கி, மின்னூட்டம் பெற்ற துணுக்குகளாகச் சிதறியது. அவற்றின் நிறைகள் பதிவாகிப் பூமிக்கு வந்தன. 2023இல் ஆய்வாளர் ஃபிராங்க் போஸ்ட்பெர்க்கின் குழு அந்தப் பதிவுகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது: சோடியம் பாஸ்பேட். என்செலடஸ் கடலில் பாஸ்பேட் நம் கடல்களில் இருப்பதைப்போல் குறைந்தது நூறு மடங்கு. பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸ் டி.என்.ஏ.விலும் உயிரணுவின் சவ்விலும் உண்டு. பனிக்கடல்களில் இது மட்டும் கிடைக்காமல் போகலாம் என்ற ஐயம் அதுவரை இருந்தது. பீறிடும் நீராவியில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலேயே தெரிந்துவிட்டது. பூமியின் கடலடியில் அந்த வாயுவைக் கொண்டே பிழைக்கும் நுண்ணுயிர்கள் உள்ளன.

இதை ‘உயிர் கண்டுபிடிப்பு’ என்று எழுதுவது தவறு. உயிர் வாழத் தகுந்த இடம் என்பது வேறு, அங்கே உயிர் இருக்கிறது என்பது வேறு. காசினியின் கருவிகள் கடல் இருப்பதே தெரியாத காலத்தில் செய்யப்பட்டவை. இரண்டாவது கேள்விக்கு அவற்றால் விடை சொல்ல முடியாது. பூமியின் கிருமிகள் என்செலடசைத் தொற்றிவிடக் கூடாதென்று, எரிபொருள் தீரும் நிலையில் 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனிக்குள் விழச்செய்தார்கள்.

அடுத்த கலம் இன்னும் கிளம்பவில்லை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் நிபுணர் குழு 2024இல் என்செலடசையே முதல் இலக்காகப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை கோப்போடு நின்றுவிடக் கூடாது. கடல் தன் நீரைத் தானே வெளியே வீசுகிறது, பனியைத் துளைக்க வேண்டிய வேலைகூட இல்லை. உயிரைத் தேடுவதற்கென்றே செய்த கருவிகளோடு தென்துருவத்தில் ஒரு கலம் இறங்க வேண்டும்.