சிற்றலை வானொலிக்கு வெளியே ஒரு வயர் ஏரியல்

1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித் தமிழோசை கேட்டவர்கள் நாம். 1941இல் தொடங்கிய அந்த பிபிசி சேவையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுபோனது. ஆனால் சிற்றலை முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. இணையமும் கைபேசியும் செயலிழக்கும் நாளிலும் பற்றரியில் இயங்கும் ஒரு சிறிய வானொலி தூரதேசச் செய்தியைக் கொண்டுவரும்.

"இப்ப ஒண்டும் கேக்குதில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வானொலியை ஒதுக்கிவைக்கிறார்கள். நிலையங்கள் குறைந்தது ஒரு காரணம். மற்றது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் மின் இரைச்சல். கைபேசிச் சார்ஜர், எல்.ஈ.டி விளக்கு, கணினி அடப்டர் எல்லாம் சிற்றலையில் இரைகின்றன.

இதைச் சோதிப்பது எளிது. வானொலியைப் பற்றரியில் இயக்கிவிட்டு மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் காரணம் உங்கள் வீடுதான். பிறகு வானொலியுடன் பின்வளவில் நடந்து பாருங்கள். இரைச்சல் மிகக் குறைந்த மூலையே வயர் கட்டவேண்டிய இடம். கணக்கில் மொத்த வரவைவிடச் செலவு போன மிச்சம் முக்கியம், ஏரியலிலும் அப்படித்தான்.

நீளம்: கையடக்க வானொலிக்கு 5 முதல் 10 மீற்றர் போதும். அதற்கு மேல் போனால் வலுவான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலிக்கும். ஏரியல் சொக்கற் உள்ள மேசை வானொலிக்கு 10 முதல் 20 மீற்றர் வரை கட்டலாம். கேட்பதற்கு மட்டும் என்பதால் நீளம் துல்லியமாக இருக்கத் தேவையில்லை.

கட்டும் முறை: பிளாஸ்ரிக் உறையுள்ள, பல இழைச் செப்பு வயர் நல்லது. இரு முனைகளிலும் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றைக் கோத்து, அதிலிருந்து நைலோன் கயிற்றால் கட்டுங்கள். மரத்தில் கட்டினால் சற்றுத் தொய்வு விடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் மரம் ஆடும்போது வயர் அறும்.

வயரை நேரே வீட்டுக்குள் இழுத்தால் அது வீட்டு இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். எனவே வயரின் முனையில், வெளியிலேயே, 9:1 என்று விற்கப்படும் சிறிய டிரான்ஸ்போமரைப் பொருத்தி, அங்கிருந்து கோஅக்சியல் கேபிளில் உள்ளே கொண்டுவாருங்கள். தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் கேபிளே போதும். டிரான்ஸ்போமரின் அருகே நிலத்தில் ஒரு எர்த் கம்பியும் வேண்டும். அதை வீட்டு மின் எர்த்துடன் இணைக்கும் விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். உள்ளூர் மின்பணியாளரிடம் கேளுங்கள்.

பாதுகாப்பு: மின்சாரக் கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ வயரைக் கொண்டுபோகவே கூடாது. அறுந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத தூரத்தில் இருக்கவேண்டும். ஏணியை நிமிர்த்தும்போதும் மேலே பாருங்கள். இடி மின்னல் வருமுன் கேபிளை வானொலியிலிருந்து கழற்றி வெளியே விடுங்கள். மின்னல் காப்புக் கருவி பொருத்தினாலும் நேரடி இடியை அது தாங்காது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதியை முதலில் பெறுங்கள்.

கேட்கும் நேரம்: பகலில் 19, 25 மீற்றர் அலைவரிசைகளையும், இருட்டிய பின் 31, 49 மீற்றர் அலைவரிசைகளையும் தேடுங்கள். வட அமெரிக்காவில் இருப்பவர்கள் 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் டபிள்யூ.டபிள்யூ.வி என்ற நேரக்குறி நிலையத்தை வைத்து ஏரியலைச் சோதிக்கலாம். அது நாள் முழுவதும் ஏறக்குறைய ஒவ்வொரு செக்கனுக்கும் ஒலிக்கும். ஒரே நிலையத்தை, ஒரே நேரத்தில், வானொலியின் சொந்த ஏரியலிலும் புதிய வயரிலும் மாறிமாறிக் கேளுங்கள். சத்தம் கூடியதா என்று பார்க்காமல், சொற்கள் தெளிவாக விளங்குகின்றனவா என்று கவனியுங்கள்.

நன்றாகக் கேட்கும் நிலையங்களின் நேரத்தையும் அலைவரிசை எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பெரியவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாங்களே திருப்பிக் கேட்பார்கள்.