பிழை பொறுக்கும் பொறிகள்

வெள்ளம் வாராது என நம்பி வன்னியில் எவரும் குளங் கட்டியதில்லை. கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுவுக்கும் வான் உண்டு. காட்டினுள் கிடக்கும் சிறு குளத்துக்கும் வான் உண்டு. மிகை நீர் அவ்வழியே பாய்ந்துவிடக் கட்டுப் பிழைத்துக்கொள்ளும். கேடு வருமென்றே கொண்டு கட்டும் இவ்வறிவு கணினித் துறையில் வளர்ந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

தொடக்ககாலக் கணினிகளில் வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதுற்றன. நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டே நம்பத்தக்க பொறியை ஆக்கவியலுமா என ஜோன் வொன் நியூமன் வினவினார். 1956இல் வெளிவந்த அவரது கட்டுரை தந்த விடை, ஒரே வேலையைப் பல உறுப்புகளிடம் கொடுத்துப் பெரும்பான்மையை ஏற்பதாகும்.

பழுதுற்ற உறுப்பு வாளாவிராது, ஆளுக்கொரு பொய் சொல்லத் தொடங்கினால்? கலிபோர்னியாவில் மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவரும் 1980இல் இதனை நுணுகி ஆராய்ந்தனர். 1982இல் அதையே பைசாந்தியத் தளபதிகளின் கதையாக எழுதினர். பகைநகரைச் சூழ்ந்துள்ள தளபதிகள் தூதர் வாயிலாகவே பேசவேண்டும். மூவருள் ஒருவன் துரோகி எனக் கொள்வோம். "தாக்கு" என ஆணை பெற்றவன் தோழனை வினவுகிறான். தோழனோ, "எனக்குப் பின்வாங்கு என்றல்லவா சொன்னார்" என்கிறான். ஆணையிட்டவன் இருநாக்குடையவனா, தோழன் புளுகுகிறானா? அறிய வழியேயில்லை. நான்காமவன் ஒருவன் இருப்பின் தெளிவு பிறக்கும். ஒரு துரோகிக்கு நால்வர், இரு துரோகிகளுக்கு எழுவர் வேண்டும் என்பது அவர்கள் நிறுவிய கணக்கு. பொய்க்கையொப்பம் இட முடியாத ஓலைகள் இருப்பின் இக்கணக்குத் தளரும்.

1985இல் ஜோனி பிராகா, டேவிட் பவல் என்போர் ஊடுருவும் கள்வனையும் ஒருவகைப் பழுதாகவே கொண்டனர். கோப்பைத் துண்டாக்கிப் பல கணினிகளிற் சிதறி வைத்தால், ஒன்றினுட் புகுந்தவனுக்குக் கிட்டுவது பொருளற்ற துணுக்கே.

இது வன்னிக்கு வெறுங் கதையன்று. 2009 வரை நீடித்த போரிலே இடம்பெயர்ந்தோர் பலர் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தனர். அத்தகைய பதிவுகளை ஒரே கணினியில் வைத்து, அதனுட் புகுந்த ஒருவன் பெயரொன்றை மாற்றிவிட்டால், தாள் தொலைந்ததினும் கேடு அது. தொலைந்தது உடனே தெரியும், திருத்தப்பட்டது தெரியாது. நான்கு இடங்களில் நான்கு பிரதிகள் இருந்து, ஒன்றையொன்று வினவிக்கொண்டால், மாறிய ஒன்று தனித்து நின்று அகப்படும்.

இம்முறை மிக மெதுவானது எனப் பலர் நெடுங்காலம் ஒதுக்கினர். 1999இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் இதன்படி கோப்புச் சேவையொன்றை இயற்றிக் காட்டினர். அவர்தம் சோதனையில், பிரதியில்லா வழக்கமான சேவையைவிட அது 3 விழுக்காடே பின்தங்கியது.

எனினும் பெரிய முடிச்சு அவிழவில்லை என்பதே என் கருத்து. நான்கு பிரதிகளிலும் ஒரே மென்பொருள் ஓடினால், ஒன்றைத் திறந்த கள்ளச்சாவி நான்கையும் திறக்கும். வெவ்வேறு கைகள் வெவ்வேறாக எழுதவேண்டும். அதற்குப் பொருளும் ஆளும் மிகுதி. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவும் இன்று கணினிக் கல்வி வழங்குகின்றன. ஆளுக்கான தேட்டம் அங்கிருந்தே தொடங்கலாம். பொருளுக்கு வழி வேறு காணவேண்டும்.