கல்லில் ஏறிய முறையீடு

'ஒபெலிஸ்க்' என்பது கிரேக்க வழிச் சொல். இறைச்சி கோத்துச் சுடும் கம்பியைக் கிரேக்கர் 'ஒபெலோஸ்' என்றனர்; அதன் சிறுமை வடிவமே 'ஒபெலிஸ்கோஸ்'. எகிப்திலே வானளாவி நின்ற நான்முக ஒற்றைக்கல் தூண்களுக்கு அவர்கள் இந்த அடுக்களைச் சொல்லையே பெயராக இட்டனர். எகிப்தியர் வழங்கிய பெயரோ 'தெகென்'. கம்பிகள் ஒருகாலத்தில் பணமாகவும் வழங்கியமையால் 'ஒபோல்' என்னும் காசின் பெயரும் அவ்வேரிற் பிறந்தது.

அசுவான் கற்குழியில் முற்றுப்பெறாது கிடக்கும் தூண் ஏறத்தாழ 42 மீற்றர் நீளமுடையது. அதனை வெட்டிய தொழிலாளர் யாவர்? எகிப்தியத் தூண்கள் மன்னர் புகழையே பாடுகின்றன. உழைத்தோர் பெயரை அவை அறியா.

நமது ஊவாவிலும் நான்முகக் கல்தூண் ஒன்றுண்டு. மகியங்கனைச் சொரபொர வாவியருகே 1857இல் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொணரப்பட்ட அது, பத்தாம் நூற்றாண்டில் உதய மன்னன் காலத்தில் எழுந்தது. ஹோபிட்டிகமச் சந்தை வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாகப் பொருள் பறிப்பதை மன்னனிடம் முறையிட்டனர். அதன்பின் பிறந்த கட்டளைகளே அத்தூணிற் பொறிக்கப்பட்டன. முத்திரையிடாத அளவைகளும் அவற்றால் விலக்கப்பட்டன.

மொனராகலைத் தோட்டங்களிலே தராசின் முன் நிற்கும் தொழிலாளிக்கு இது பழங்கதையன்று. நிறுவையில் நீதி கேட்கும் குரல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணிற் கல்லில் ஏறிவிட்டது. அதனை நம் மாணவர் அறிதல் வேண்டும்.